உன் அப்பா கையில் என் பிரஷர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம் என்றுதான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன், இன்றைக்கு அந்த வரியை எழுத மனம் வரவில்லை, எழுதினால் பொய். உயிரோடு இருக்கிறோம், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கிறோம் என்று வேண்டுமானால் எழுதலாம். நீயும் மாப்பிள்ளையும் என் தங்கக்கட்டிப் பேத்தியும் அங்கே நோய் நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். அவளுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டதா, விழுந்த பல்லை வைத்துக்கொண்டு யாரை எல்லாம் பாடாய்ப் படுத்தினாள் என்று எழுது. ஃபோன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று உனக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் ஃபோன் இருக்கிற இடத்துக்கும் உன் அப்பா உட்காருகிற நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம் கூட இல்லை, நான் பேசினால் அவர் காதில் விழும். அதோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலமெல்லாம் ஊரார் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்துக் கொடுத்தே எனக்கு ஃபோன் என்றாலே காது வலிக்கிறது. இன்னொன்று, ஃபோனில் சொன்னால் பாதியிலேயே நீ "என்னம்மா சொல்ற" என்று கத்துவாய், கத்திவிட்டு அழுவாய், மீதியை நான் சுவரிடமா சொல்வது? கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படி, அதற்கப்புறம் கத்திக்கொள்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் விழுந்துவிட்டேன். பதறாதே, இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், நெற்றியில் தையல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, எழுதுகிற கை நல்லபடியாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா குளிக்கிறாள் என்று உன் அப்பா சொன்னார் அல்லவா, அப்போது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்த பொய்யைப் பார், மறுபடி நீ கூப்பிட்டபோதும் குளித்துக்கொண்டே இருந்தேனாம். ஆனால் இந்தக் கடிதம் என் கையைப் பற்றியது இல்லை, உன் அப்பா கையைப் பற்றியது. அவருக்குப் பிரஷர் கண்டபடி ஏறிக் கிடக்கிறது, அதுவும் இன்று நேற்றல்ல. உடனே வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியும் கையை நீட்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். எந்த நேரம் கை கால் இழுத்துக்கொண்டு விழுவாரோ என்று பயந்துகொண்டே இருக்கிறேன். இது எப்படித் தெரியவந்தது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

வயதானவர்களுக்குப் பிரஷரை எவ்வளவு தூரம் இறக்குவது நல்லது என்று பார்க்கிற ஓர் ஆராய்ச்சியில் நான் சேர்ந்தது உனக்குத் தெரியும், நீதானே "சேந்துக்கம்மா, மாசாமாசம் நல்லாப் பாத்துப்பாங்க" என்று சொன்னாய். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு நர்ஸ், விறுவிறு என்று நடப்பாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த அறையில் இருப்பாள், நான் அவளுக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள்தான் விளக்கிச் சொன்னாள். வயசானவர்களுக்கும் பிரஷரை நன்றாகக் கீழே கொண்டுவந்தால் பக்கவாதம், மாரடைப்பு குறையும் என்று ஒரு சாரார் சொல்கிறார்களாம், அப்படி இறக்கினால் தலை சுற்றி விழுந்து எலும்பை உடைத்துக்கொள்வார்கள், கொஞ்சம் கூடவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னொரு சாராராம். யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் எங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்றாக இறக்குவது, மறு பாதிக்கு வழக்கம் போல விடுவது. யார் எந்தப் பாதி என்பதை கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது, டாக்டருக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்று எதுவும் கிடையாது. எனக்கு விழுந்தது இறக்குகிற பாதி. நூற்று இருபதுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், வராவிட்டால் ஒரு மாத்திரையைக் கூட்ட வேண்டும். எங்கேயும் சீட்டில் எனக்கு எதுவும் விழுந்ததில்லை, இதில் விழுந்ததே என்று சிரித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே அந்தச் சிட்டு உன் அப்பாவைப் பார்த்து "சார், வந்தது வந்துட்டீங்க, உங்களுக்கும் ஒரு தடவ பாத்துடலாமா" என்று கேட்டாள். இவர் என்னவோ அவள் பெண் கேட்டு வந்த மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு "எனக்கு எதுக்கும்மா, நான் இரும்பு" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த இரும்பின் லட்சணம் இப்போது தெரிகிறது.

வீட்டிலும் தினமும் பார்க்க வேண்டும் என்று ஒரு மெஷின் கொடுத்தார்கள். காலையில் எழுந்து, மாத்திரை போடுவதற்கு முன்னால், கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்து, பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் எண் வரும், இன்னொரு பொத்தானை அமுக்கினால் அந்த எண் ஆராய்ச்சி ஆபீசுக்குத் தானே போய்ச் சேர்ந்துவிடும். மெஷின் வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவுக்கு மறுபடி வேலையில் சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஆயுசு பூரா வீடு வீடாக ஏறி இறங்கி கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர், ரிட்டையர் ஆனபிறகு எண்களே இல்லாமல் காய்ந்து கிடந்தார். அவர் பெருமை உனக்கு மனப்பாடம். வீடு பூட்டியிருந்தால் மற்றவர்கள் போன மாதக் கணக்கைப் பார்த்து ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம், இவர் மட்டும் பூட்டு திறக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போய் நின்று, மீட்டரைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவாராம். எத்தனை தடவை கேட்டிருப்போம் அந்தக் கதையை. மெஷினை வைக்க ஒரு மேசை, அதன்மேல் ஒரு துணி, பக்கத்தில் என் நாற்காலி, எல்லாம் ஏற்பாடு பண்ணிவிட்டு, "உனக்கு இதெல்லாம் பழக்கமில்ல, நான் பாத்துக்கறேன்" என்று எடுத்துக்கொண்டார். சரி, மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

என் தூக்கம் எப்படி என்று உனக்குத் தெரியும். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்து, பேப்பர் போடுகிற ஆள் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்கும்போதுதான் எனக்குக் கண் அசரும். முதலில் சில நாள் உன் அப்பா எழுப்பினார், நானும் தட்டுத் தடுமாறி வந்து உட்கார்ந்து கையை நீட்டினேன். அப்புறம் எழுப்புவது நின்றுவிட்டது. நான் எழுந்து வரும்போது மெஷினைத் துணியால் மூடி வைத்திருப்பார், "எல்லாம் ஆச்சு, தூக்கத்துலயே எடுத்துட்டேன், உனக்குத் தெரியவே இல்ல" என்பார். எனக்கும் நம்பிக்கைதான். காது பக்கத்தில் மணி அடித்தால் கூட எழாத நேரத்தில் ஒருவர் வந்து கையில் பட்டையைக் கட்டினால் தெரியவா போகிறது என்று நினைத்துக்கொண்டேன். என்றைக்காவது நானாக விழித்துக்கொண்டால் மட்டும் நேரே மேசைக்குப் போய் உட்காருவேன், அன்றைக்கு எண் நன்றாக இருக்கும். மற்ற நாளெல்லாம் எகிறும்.

டாக்டர் அந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அங்கே போய்ப் பார்த்தால் நூற்று முப்பதுக்குக் கீழே, வீட்டிலிருந்து வருகிறதெல்லாம் நூற்று எழுபது, நூற்று எண்பது. சில பேருக்கு ஆஸ்பத்திரியில் அடக்க ஒடுக்கமாக இருந்துவிட்டு வீட்டில் ஏறுகிற பிரஷர் உண்டு, அதுதான் ஆபத்து என்று சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, விருந்தாளி வந்தால் மடியில் உட்கார்ந்து சமர்த்தாக இருந்துவிட்டு அவர்கள் வாசல் தாண்டியதும் வீட்டைத் தலைகீழாக்குகிற பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா, நீயே ஒரு சாட்சி. ஒன்றாக இருந்த மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நானும் குறைத்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், எங்கள் வீட்டில் குப்பைக்குப் போகாமல் எங்கள் வயிற்றுக்குள் போனது, அவ்வளவுதான் வித்தியாசம். உன் அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார், எவ்வளவு நல்லவர் என்று நானும் உருகிப் போவேன். சாயங்கால நடைக்குப் போகிற வழியில் உப்புக் கடலைப் பொட்டலம் வாங்கித் தின்கிறார் என்பது எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. யோசித்துப் பார் கண்ணு, கடலை தின்றது அவர், மாத்திரை முழுங்கியது நான்.

மூன்றாவது மாத்திரை வந்த பிறகு எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. படுக்கையை விட்டு எழுந்தால் சுவர் நேராக நிற்கவே கொஞ்ச நேரம் ஆகும். அதைச் சிட்டுவிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் எனக்கு என்ன தெரியும், பிரஷர் ஏறுவதால்தான் தலை சுற்றுகிறது, இன்னும் ஒழுங்காக மாத்திரை போட வேண்டும் என்று நினைத்துவிட்டேன். ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்லை. சோர்வு என்றால் அப்படி ஒரு சோர்வு, பாத்திரம் துலக்கிவிட்டு உட்கார்ந்தால் எழ மனமில்லை, உன் ஃபோன் வந்தால் கூட, ஐயோ, பேச வேண்டுமே என்று இருக்கும். வயசாகிவிட்டது, இப்படித்தான் ஆகும்போல, ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குத் துணி துவைக்கிற மெஷினிலிருந்து துணியை எடுக்கக் குனிந்தேன், நிமிர்ந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான் ஞாபகம். விழித்தபோது உன் அப்பா ஈர வேட்டியை என் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு "ஏம்மா, ஏம்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்து வண்டி பிடித்தாள். அவள் மட்டும் இல்லாவிட்டால் இவர் என்னை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் எனக்குப் பிரஷர் அதலபாதாளத்தில் கிடந்தது, எழுந்து நின்றால் இன்னும் இறங்குகிறது. வீட்டில் இவ்வளவு ஏறுகிறவருக்கு இங்கே எப்படி இவ்வளவு இறங்கும் என்று அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காலை சிட்டு என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள், வழக்கமான விறுவிறுப்பு இல்லை, மெதுவாக என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, நீங்க நேத்துலேர்ந்து இங்கதான் இருக்கீங்க. இன்னிக்குக் காலையில உங்க பேர்ல வீட்டுலேர்ந்து ரீடிங் வந்திருக்கு, நூத்தி எண்பத்திரண்டு. அது யாரோடது?" என்று கேட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது, கண்ணு, சத்தியமாகச் சிரிப்புதான் முதலில் வந்தது, தையல் இழுத்துக்கொண்டு வலித்தது. வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியாத மனுஷன் தினமும் காலையில் என்ன செய்வாரோ அதையே செய்திருக்கிறார், மேசைக்குப் போய் உட்கார்ந்து பட்டையைத் தன் கையில் கட்டி, பொத்தானை அமுக்கி, அனுப்பியும் வைத்துவிட்டார். ரீடிங் தவறக் கூடாது அல்லவா.

மத்தியானம் வந்தார், எனக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு. டாக்டர் கேட்டதும் எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "அப்பத்தான் அவ கண் அசருவா டாக்டர், எழுப்ப மனசு வரல. ரீடிங் அனுப்பாம இருந்தா ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவாங்களோன்னு பயம். நானா ஒரு நம்பரக் கற்பனை பண்ணி அனுப்பல, அந்த மாதிரி வேலை என் வாழ்க்கையில செஞ்சதில்ல. மெஷின்ல வந்ததத்தான் அனுப்பினேன்" என்றார். உங்கள் கைக்கு வந்த எண் உங்கள் மனைவியின் எண்ணாக எப்படி ஆகும் என்று டாக்டர் கேட்டார். அதற்கு உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "ஒரே சாப்பாடு, ஒரே வீடு, ஒரே கவலை. இத்தனை வருஷமா ஒண்ணாவே இருக்கோம், ரெண்டு பேருக்கும் என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போவுதுன்னு நெனச்சேன்." அந்த டாக்டர் படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்திருக்காது. மாத்திரையைக் கூட்டியபோதாவது சொல்லியிருக்கலாமே என்று சிட்டு கேட்டாள். "டாக்டர் பாத்துதானே கூட்டறார்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும், வராது" என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள், இது பொண்டாட்டி தூக்கத்தைக் காக்கப் போய் அவள் எலும்பை உடைத்த கதை.

யாரும் அவரைத் திட்டவில்லை, நான்தான் திட்டினேன். டாக்டர் நல்ல மாதிரி, என் மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார், ஆராய்ச்சியில் என் வீட்டு எண்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிடுவார்களாம், நடந்ததை நடந்தபடி மேலே எழுதிவிடுவோம் என்று சொன்னார். அதற்கப்புறம் உன் அப்பாவிடம் திரும்பி "சார், இத்தனை நாள் வந்த நம்பரெல்லாம் உங்களோடதுன்னா, கவலைப்பட வேண்டியது உங்களப் பத்திதான், இப்பவே கையக் குடுங்க" என்றார். இவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு மாட்டேன் என்று தலையசைத்தார். எனக்கு வலி ஒரு பக்கம், அலுப்பு ஒரு பக்கம், வாயில் வந்தது வந்துவிட்டது. "அடுத்த வீட்டு மீட்டரப் பாத்து இந்த வீட்டுக்கு பில் போட்ட ஆளு, இப்ப என்ன ரோஷம்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப் போயிற்று. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பார். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை.

பேச்சு இல்லையே தவிர வேலையெல்லாம் அவர்தான். பாத்திரம் துலக்குகிறார், துணி காயப்போடுகிறார், என் தலையை வாரிவிட முயற்சி பண்ணினார், அது காக்கைக்கூடு மாதிரி வந்தது, தையல்காரம்மா வந்து பிரித்துப் பின்னினாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார், நான் முழுங்குகிற வரைக்கும் நிற்பார், போய்விடுவார். ராத்திரி என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார், நான் எழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம், படுங்கள் என்றால் படுப்பதில்லை. ஆனால் டாக்டரிடம் போகலாம் என்று பேச்சை எடுத்தால் மட்டும் "உன் எலும்பு கூடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அந்த ஒரு வாக்கியம். சிட்டு இரண்டு தரம் ஃபோன் பண்ணிவிட்டாள். மெஷினில் அனுப்புகிற வேலையை அவள் நிறுத்திவிட்டு, மெஷினை மட்டும் எங்களிடமே விட்டு வைத்திருக்கிறாள், சார் மனசு மாறினால் பார்க்கட்டும் என்று. அது துணி மூடிக்கொண்டு மேசைமேல் கிடக்கிறது, அவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. தனக்குத் தானே தண்டனை போட்டுக்கொண்டிருக்கிறார், கண்ணு. எனக்குக் கை உடைந்ததற்குத் தன் தலை வெடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். அப்படி ஒன்று நடந்தால் நான் ஒற்றைக் கையோடு அவரை எப்படித் தூக்குவேன்? எனக்கு இதற்கெல்லாம் தெம்பு இல்லை. வாழ்க்கை பூராவும் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டால் இன்னொருவர் போய்ச் சமாதானம் பண்ண வேண்டியிருக்கிறது, எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு நாள் யாராவது என்னை ஒரு மூலையில் மடித்து வைத்துவிட்டால் தேவலை என்று இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ கூப்பிட்டுச் சொன்னால் கேட்பார். ஆனால் ஒன்று, திட்டாதே, திட்டுவதற்கு உரிமை உள்ளவள் நான், நான் திட்டி முடித்தாகிவிட்டது. நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள் என்றும் ஆரம்பிக்காதே, அதைக் கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை. அப்பா, உங்கள் நம்பர் என்ன என்று மட்டும் கேள். நம்பர் என்று கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன், கை அசந்துவிட்டது, மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். இன்று காலையில் நடந்ததையும் எழுதிவிட்டு உறையில் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும். வழக்கம்போல எனக்குத் தூக்கம் இல்லை. பேப்பர் ஆள் படியேறுகிற சத்தம் கேட்டது, இன்றைக்கு அதற்குப் பிறகும் கண் அசரவில்லை. பார்த்தால் உன் அப்பா நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, ஒரு கை என் கட்டில் விளிம்பில், நான் எழுந்தால் தெரிய வேண்டும் என்று போர்வை முனையைப் பிடித்தபடி. எத்தனை நாள் ஆகியிருக்கும் இப்படித் தூங்கி. நான் மறு பக்கமாக மெல்ல இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், துணியை விலக்கி மெஷினை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் வந்தேன். நின்றவள் நின்றபடி நிற்கிறேன், எழுப்ப மனசு வரவில்லை. பாவம், இப்போதுதானே அசந்தார், இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டுமே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே, ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று என் மனசு எனக்குச் சொல்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் இதே நேரத்தில் இதே மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு என் தலைமாட்டில் இந்த மனுஷன் இப்படித்தான் நின்றிருக்கிறார். இத்தனை நாளாக அவர் செய்தது முட்டாள்தனம் என்று நினைத்திருந்தேன். முட்டாள்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள்ளே இருந்தது என்ன என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.

அழுதுவிட்டு எழுப்பினேன். தோளைப் பிடித்து நன்றாக உலுக்கித்தான் எழுப்பினேன். திடுக்கிட்டு எழுந்து "என்னம்மா, என்ன பண்ணுது" என்றார், அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர இத்தனை நாளில் அதுதான் முதல் பேச்சு. "எனக்கு ஒண்ணும் பண்ணல, இத ஒத்தக் கையால கட்ட முடியல, நீங்களே கட்டுங்க" என்று பட்டையை நீட்டினேன். தூக்கக் கலக்கம், அந்தப் பட்டையை வாங்கி நேரே என் நல்ல கையில் சுற்ற ஆரம்பித்துவிட்டார், பாரேன். நான் கையை உருவிக்கொண்டு, "என் கை இல்ல, உங்க கை. மறுபடி ஆளு மாத்தாதீங்க" என்றேன். "அடுத்த வீட்டு மீட்டர்னு சொன்னல்ல" என்றார் மெதுவாக. "சொன்னேன். தப்புதான். இப்ப இந்த வீட்டு மீட்டரப் பாக்கணும், கதவத் திறங்க" என்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டார். அவருடைய கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்று அந்தப் பட்டை சுற்றும்போதுதான் பார்த்தேன். மெஷின் உர்ர் என்று இறுக்கியது. எண் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இது நல்லதுக்கில்லையே" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரி. "ஆமா, நல்லதுக்கில்ல" என்றேன். திங்கட்கிழமை சிட்டுவிடம் போகிறோம், தையல்காரம்மா கூட வருகிறாள், வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. நீ எதற்கும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, நான் சொன்ன அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடு, மனம் மாறாமல் இருக்கும்.

வேறு என்ன எழுத. கை சரியாகச் சில வாரம் ஆகும், தையல் அடையாளம் நெற்றியில் இருக்கும், என் அழகுக்கு அது ஒன்றுதான் குறை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு, பல காலம் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கும் வயசு ஆகிக்கொண்டு வருகிறது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருப்பது உனக்கும் வரும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பிரஷர் பார்த்துக்கொள். நேரமில்லை, தூக்கமில்லை என்று சாக்குச் சொல்லாதே. உன் கையைத்தான் நீட்ட வேண்டும், மாப்பிள்ளை கையை அல்ல.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

மேலும், உன் அப்பா இதையும் எழுதச் சொல்கிறார். இன்று காலை நூற்று எழுபத்தாறு, கீழே தொண்ணூற்று எட்டு. அவர் கைதான். பக்கத்தில் இருந்து நான் என் கண்ணால் பார்த்தேன்.